ஆடியில் காலி செய்த வீடு

ஆடி மாதம் என்று ஒன்று இருப்பதே அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனால் வீட்டைக் காலி செய்யும் பேச்சு வந்ததும், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் அம்மா, ஊரில் யாருக்கும் இல்லாத பக்தியோடு, "ஆடியில வீடு மாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

வேலூரில் ஆஸ்பத்திரியை ஒட்டிய தெரு அது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கீழ்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மாடியில் உருது பேசும் வீட்டுக்கார அம்மாவும் அவர் மகனும். அம்மா அவரை அக்கா முறையில் ‘ஆப்பா’ என்பாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வடக்கேயிருந்து வரும் நோயாளிகளுக்காகத் தெருவில் ஒவ்வொரு வீடாக லாட்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் போர்டுகள் முளைத்தன. என்னோடு விளையாடியவர்கள் காட்பாடிப் பக்கம் குடிபோய்விட்டார்கள். ஆப்பாவின் மகனும் கீழ்வீட்டைத் தடுத்து ரூம் ரூமாக விடவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா எப்போதோ கிளம்பத் தயார். அம்மாவால்தான் முடியவில்லை. டூட்டி முடிந்து வந்து, மாடிப்படியில் ஆப்பாவோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்தால்தான் அவளுக்கு வீடு வந்து சேர்ந்த மாதிரி.

ஆப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. மகன் வாயைத் திறந்தால் "ரம்ஜான் போகட்டும்" என்பார். ரம்ஜான் போனதும், "சிஸ்டர் வீட்ல கிறிஸ்மஸ் வருது" என்பார். பிறகு எங்கள் லெந்து உபவாச நாட்கள், என் முழுப்பரீட்சை. கடைசியில் அம்மா, இருவருக்குமே சம்பந்தமில்லாத ஆடியைப் பிடித்தாள். "நமக்கு இன்னா ஆடி?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த ஆடியில்தான் ஒருநாள் ஆப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிவந்து, புத்தம்புதுத் தோல் செருப்பு ஒன்றை என்னிடம் கொடுத்தார். அவர் மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வருடா வருடம் தன் அம்மாவுக்கு ஒரு ஜோடி கொண்டுவருவார்.

"எனக்கு ஏறல கண்ணு. நீ வச்சிக்கோ. பெருசானா போட்டுக்கலாம்."

நான் அதற்குள் காலை விட்டு வாசலெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தேன். டீயோடு உட்கார்ந்திருந்த அம்மா செருப்பைப் பார்த்தாள். பிறகு ஆப்பாவின் காலைப் பார்த்தாள்.

"எப்பவும் போடற சைஸுதானே ஆப்பா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் அங்கே பள்ளம் அப்படியே இருந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நானும் அமுக்கிப் பார்க்கிறேன் என்றேன்.

"எத்தினி நாளா இப்படி? ஆஸ்பத்திரி பக்கத்துலயே கீது, ஏன் சொல்லல?"

"சொன்னா பையன் சும்மா இருப்பானா சிஸ்டர்?" என்று ஆப்பா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

அன்றைக்கே அம்மா அப்பாவிடம், "இந்த வாரமே காலி பண்ணிடலாம்" என்றாள்.

"ஆடி முடியட்டும்னு நீதானே சொன்ன?"

"நமக்கு இன்னா ஆடி?" என்று கத்தினாள் அம்மா.

செருப்பை ஓசியில் வாங்கியதால்தான் ஏதோ சண்டை வந்துவிட்டது என்று நினைத்தேன். அதை மேல்படியில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் அது எங்கள் வாசலில் இருந்தது. மறுபடியும் வைத்தேன். கடைசியில் சாமான் ஏற்றிய வண்டியில் ஆப்பாவே அதை என் மடியில் போட்டார். அம்மா அவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. எங்களைத் துரத்திவிட்டு இவர் எதற்கு முக்காட்டில் கண்ணைத் துடைக்கிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.

ஆப்பாவுக்குக் கிட்னி கெட்டிருந்தது. கீழ்வீடு லாட்ஜ் ஆனால்தான் வைத்தியச் செலவுக்கு வழி. அது தெரிந்தும், எங்களைப் போகச் சொல்ல மனம் வராமல், அவர் மகனிடம்கூட வலியை மறைத்து நாளைக் கடத்தியிருக்கிறார். இதெல்லாம் நான் வேலைக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். "நர்ஸு நானு. தினம் பக்கத்துல குந்திக்கினு டீ குடிச்சேன். காலப் பாக்கலியே" என்றாள்.

எட்டாம் வகுப்பில் அந்தச் செருப்பு எனக்குச் சரியாக வந்தது. அதற்குள் ஆப்பா இறந்துவிட்டிருந்தார். போட்டுக்கொண்டு, நாங்கள் குடிபோன காட்பாடி வீட்டில் அம்மா முன்னால் போய் நின்றேன். அவள் குனிந்து, என் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அமுக்கினாள். அமுங்கிய சதை உடனே நிமிர்ந்துகொண்டது. அப்புறமும் அம்மா எதற்கு என் காலைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.