மாதாவின் முகமும் மூன்று வாத்து முட்டையும்

சைகோனில் நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் கால்வாய். நீர் வற்றும்போது கறுத்த சேறு வெளியே தெரியும்; அதன் நாற்றம் சோற்றுத் தட்டுவரை வரும். வீட்டுக்காரி ஒரு காரைக்கால் அக்கா, விதவை. ஊரிலிருந்து வேலைக்கு வந்த என்னைப் போன்ற நாலு பேருக்கு இடமும் சோறும் கொடுத்துவந்தார். பின்ஜன்னலோரம் மரத்தில் செய்த மாதா. பட்டாளத்திலிருந்த அவர் கணவர் கப்பலில் கொண்டுவந்தபோது வெள்ளை முகமாம். வருடங்கள் போகப் போகக் கறுத்துவிட்டது.

நான் பிரெஞ்சு மருந்துக்கடை ஒன்றில் உதவியாள். மீன்பிடிக்கும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஆகவே எதைப் பார்த்தாலும் காரணம் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளைச் சாயத்தில் ஈயம் உண்டு, கால்வாய் வாயுவில் கந்தகம் உண்டு, இரண்டும் சேர்ந்தால் கறுப்பு. அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவினால் மறுபடி வெள்ளை. பார்வைக்கு அது வெறும் தண்ணீர்தான். ஆனால் தண்ணீரில் இருப்பதைவிட ஆக்சிஜன் ஒன்று கூடுதல். அதை எங்காவது இறக்கிவைக்கும்வரை அதற்கு இருப்புக் கொள்ளாது. அந்த வயதில் என் படிப்பும் அப்படித்தான்.

மாதா திருநாளுக்குப் பத்து நாள் இருந்தது. அக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, கடையிலிருந்து கொண்டுவந்த பழுப்புப் புட்டியைத் திறந்தேன். பஞ்சால் ஒற்ற ஒற்ற நெற்றி வெளுத்தது, பிறகு மூக்கு, பிறகு கன்னம். அக்கா கண்கலங்கிப்போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடையோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"டேய், எந்தத் தொரசானிடா இது?"

"நம்ம மாதாதான்க்கா. ஆக்சிஜன்..."

"ஒன் ஆக்சிஜனக் கால்வாயில கொட்டு! எங்களமாரி வெயில்ல காஞ்சு இப்பத்தான் நம்ம நெறத்துக்கு வந்தா. அதுக்குத்தானே நம்ம தெருப் பொம்பளைங்க கோயில விட்டுட்டு இங்க மெழுகுவத்தி கொண்டாராங்க? திருநாளுக்குள்ள பழைய மொகம் வரணும். வரலன்னா பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்பு."

கால்வாயை நம்பினால் வருடங்கள் ஆகும். சந்தையில் வாத்து முட்டை விற்கும் உள்ளூர்க் கிழவியிடம் போய், கெட்டுப்போன முட்டையாக மூன்று வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அவள் பாஷையில் கேட்டேன். இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, காசு வாங்காமலே கொடுத்தாள். கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, மாதாவின் காலடியில் வைத்து, இரண்டையும் சேர்த்துச் சாக்கால் மூடினேன். முட்டையிலும் கந்தகம்தான்.

மறுநாளே மற்ற மூவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல்பக்கம் போய்விட்டார்கள். அவர்களில் சுங்கச்சாவடிக் குமாஸ்தா மட்டும் திரும்பிப் பார்த்து, "தம்பி, படிச்சது போதும். ஊருக்குப் போயி மீன் புடி" என்றார்.

திருநாள் காலையில், சாக்குக்கு அடியிலிருந்து முட்டைக் கிண்ணத்தை அப்புறப்படுத்திவிட்டு, சாக்கை எடுத்தேன். கறுத்திருந்தது. கிண்ணம் இருந்த பக்கத்துக் கன்னம் கூடுதலாகவே.

பெண்கள் வந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார்கள். ஒருத்தி உற்றுப் பார்த்தாள்.

"என்னக்கா, போன வருசத்தவிடக் கறுத்துட்டா?"

"இந்த வருசம் வெயில் சாஸ்திடி" என்றார் அக்கா, கண்ணிமைக்காமல். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

என் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. மத்தியானம் அக்கா எனக்கென்று தனியாக முட்டைக் குழம்பு வைத்தார். என்னால்தான் சாப்பிட முடியவில்லை.