சூப்பர்பியா மோட்டார்

போத்தனூரில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்தும் தண்ணீர் மோட்டார் பட்டறையில், புது மாடலுக்குப் பெயர் வைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். இணையத்தில் தேடி 'சூப்பர்பியா'வைப் பிடித்தேன். 'சூப்பர்ப்' என்ற சொல்லுக்கு உறவான லத்தீன் சொல் என்று பார்த்தேனே தவிர, பொருளைப் பார்க்கவில்லை.

சித்தப்பா தயங்கினார். "வாயில நுழையற மாதிரி ஒண்ணு வெக்கலாமே, கண்ணு?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது சித்தப்பா" என்றேன், லேத்தில் நின்ற ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. அந்த மோட்டாரை வடிவமைத்ததே அவர்தான். கையைத் துடைத்துக்கொண்டு போனவர், மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தானாகச் சரியாகிவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, பக்கத்துக் கன்னியர் மடத்திலிருந்து வயதான சிஸ்டர் ஒருவர் கிணற்றுக்கு மோட்டார் பார்க்க வந்தார். மோட்டாரில் ஒட்டியிருந்த பெயர் ஸ்டிக்கரைப் படித்தவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.

"ஏனுங்க, இந்தப் பேர யாருங்க வெச்சது?"

"நான்தானுங்க சிஸ்டர்."

"லத்தீன்ல இதுக்கு ஆணவம்னு அர்த்தமுங்க. எங்க சபையில சொல்ற ஏழு பெரும் பாவத்துல மொதப் பாவம்."

"சூப்பர்ப்னா நல்ல வார்த்தைதானுங்களே?"

இளவயதில் லத்தீன் படித்தவர் அவர்; விளக்கினார். 'சூப்பர்' என்றால் மேலே. மேலே நிற்பவன் 'சுப்பெர்புஸ்'. கம்பீரமான கட்டடத்தையும் அப்படிச் சொல்வார்களாம். ஆங்கிலத்துக்குப் போனது அந்தப் பொருள். மனிதனைச் சொன்னால் பெரும்பாலும் திமிர் பிடித்தவன். அந்தக் குணத்தின் பெயர் 'சுப்பெர்பியா', பெண்பால் சொல். 'ஆணவத்தினுடைய' என்பதற்கு 'சுப்பெர்பியே' என்று கடைசி மாறும்.

"மத்தவங்களுக்கு மேல நிக்கறதுதானுங்க அந்தச் சொல்லே" என்றார்.

அவர் சொன்னது இலக்கணம். எனக்குக் கேட்டதோ, சித்தப்பாவிடம் நான் சொன்ன வார்த்தை. லேத்துப் பக்கம் திரும்பவே முடியவில்லை.

அன்று மாலையே சித்தப்பா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும், அந்த ஸ்டிக்கரோடு அந்தியூருக்கு மோட்டார் அனுப்பியதையும் சொன்னேன். "தப்புப் பண்ணிப்போட்டேன் சித்தப்பா."

நான் மன்னிப்புக் கேட்டது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "அய்யோ, அந்தியூருக்கு ஆறு மோட்டார் போயிருச்சே அம்மணி!" என்று பதறி எழுந்தார்.

மறுநாள் இருவரும் வேனில் போய்த் தோட்டம் தோட்டமாக ஸ்டிக்கர் சுரண்டினோம். வழியெல்லாம் அவர் மோட்டாரைப் பற்றி மட்டுமே பேசினார். ஒரு தோட்டத்துக்காரர் மட்டும் தடுத்தார். "பேரு நல்லாத்தானுங்க இருக்குது, இருக்கட்டுமுங்க."

அர்த்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சித்தப்பா சொன்னார். அந்த மனுஷர் அரண்டுபோய், தானே அரிவாளை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.