விளம்பரத்தில் வந்த அத்தான்

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் ஒன்றில் வாத்தியார். வேலைக்குப் போய்க்கொண்டே கற்றுக்கொள்ள வருகிற குமாஸ்தாக்களுக்கும், மௌஸைத் தொடவே பயப்படுகிற அம்மாக்களுக்கும் பாடம் எடுப்பார். ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். வீட்டில் அந்தப் பொறுமையில் கால்வாசிகூடக் கிடையாது, அது வேறு கதை. வகுப்புதான் அவருக்கு மானம், மரியாதை எல்லாம். அதற்குத்தான் நான் உலை வைத்தேன்.

அப்போது இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகள் விளம்பரத்திலேயே குடுமிப்பிடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பெட்டியின் நிறத்தை வைத்து ஜனங்கள் சிவப்பு, நீலம் என்பார்கள். நீலத்துக்கு விளம்பரப் படம் எடுத்த இடத்தில் நான் எடுபிடி. முப்பத்தைந்து வயதில் எடுபிடி. "வாத்தியார் மாதிரி ஒரு முகம் வேணும்" என்றார் டைரக்டர். என் வாய் சும்மா இருக்குமா? அத்தானைச் சொன்னேன்.

வாத்தியாராகவே நடிக்கப்போகிறோம் என்று நினைத்து, சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார் மனுஷர். சிவப்புக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். டைரக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நடிக்கச் சொன்னா இவருக்கு வராதுப்பா. நான் கண்ணைக் காட்டினதும் வயரைப் பிடுங்கிடு." பிடுங்கினேன். திரை அணைந்தது. அத்தான் பேந்தப் பேந்த விழித்தார், பொத்தானை அமுக்கினார், பெட்டியைத் தட்டினார். எல்லாம் படமாகிவிட்டது. பக்கத்தில் நீலக் கம்ப்யூட்டரோடு இருக்கும் ஒரு இளவட்டம் "இன்னுமா சார்?" என்று நக்கலாகக் கேட்பதைப் பிறகு எடுத்து ஒட்டினார்கள்.

டிவியில் வந்ததும் ஊரே சிரித்தது. பஸ் வரவில்லையென்றால் "இன்னுமா சார்?", சலூனில் காத்திருந்தால் "இன்னுமா சார்?" வேடிக்கை என்னவென்றால், எந்தக் கம்பெனியின் விளம்பரம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. கடையில் போய், "அந்த இன்னுமா சார் கம்ப்யூட்டர் குடுங்க" என்றார்கள். பாதிப் பேர் சிவப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். மனதில் நின்றது அத்தானின் முகம் மட்டும்தான்.

வகுப்பில் அவர் ஒரு நொடி யோசித்தால் போதும், பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் வரும். சேர வந்த ஒரு அம்மா, "வேற சார் யாராவது இருக்காங்களா?" என்று அவரிடமே கேட்டிருக்கிறார். அத்தானைச் சான்றிதழ் அச்சடிக்கிற அறைக்கு மாற்றிவிடலாமா என்று நிலைய முதலாளி யோசிக்க ஆரம்பித்தார். "தட்டுல போட்டதை வெறிச்சுப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காருடா" என்றாள் அக்கா.

அந்தச் சமயம் பார்த்துச் சிவப்புக் கம்பெனி எனக்குச் சொல்லி அனுப்பியது. இந்தத் தடவை அத்தான் சிவப்பில் சரசரவென்று வேலையை முடித்துவிட்டு, நீலத்தோடு முழிக்கிற இளவட்டத்திடம் "இன்னுமா தம்பி?" என்று கேட்க வேண்டும். போன மானம் திரும்பி வந்துவிடும் என்று அத்தானிடம் குதித்துக்கொண்டு ஓடினேன்.

அத்தான் யோசித்தார். "அன்னைக்கு அந்தப் பெட்டி ஏன் நின்னுச்சுன்னே எனக்கு இன்னும் புரியலைப்பா. அது தெரியாம, நல்ல பெட்டின்னு நான் எப்படிச் சொல்றது?"

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. "பெட்டி மேல தப்பில்லை அத்தான். வயரைப் பிடுங்கினது நான்தான்."

அவர் இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"மெஷின் ஓடலைன்னா முதல்ல வயரைப் பாருங்க. முதல் நாள் நான் சொல்லிக் குடுக்கிறதே அதுதான்" என்றார். "அன்னைக்கும் தோணுச்சு. குனியப் போனேன். அந்தப் பக்கம் நீ நின்னுக்கிட்டிருந்தே. நம்ம ஆளு நிக்கிறான், அங்க ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு விட்டுட்டேன்."

சிவப்புக் கம்பெனிக்கு அவர் போகவில்லை. மறுநாளே சான்றிதழ் அறைக்கு மாற்றச் சொல்லித் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். நான் வீட்டுக்குப் போனால் இப்போதும் "வாப்பா, உக்காரு" என்றுதான் சொல்கிறார். அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.