எங்கள் வம்சத்திலேயே கிடையாது

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷம் உயரமான கட்டடங்களுக்குள் ஏறி இறங்கியவன். லிஃப்ட் நின்றுவிட்டதென்று கூப்பிட்டால், போனதும் கருவிப் பையைத் திறக்க மாட்டான். முதலில் காவலாளியிடம் விசாரணை: எப்போதிலிருந்து இப்படி? இதற்கு முன் இப்படி நின்றிருக்கிறதா? யார் கை வைத்தார்கள்? "யாருமே தொடலைங்க" என்பார்கள். "அப்ப கம்பி தானாவே இடம் மாறிக்கிச்சா?" என்று சிரிப்பான். பழைய கோளாறை மறைப்பவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அப்படிப்பட்டவன் எங்கள் வீட்டில் பிறந்து தொலைத்தான்.

அவனுடைய கூட்டாளி ஒரு மதியம் ஐந்தாம் மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்தார். தம்பி அப்போது மேலே இயந்திர அறையில் இருந்தான். வீட்டுக்கு வந்தான், கை கழுவினான், சாப்பிட்டான், படுத்தான். அவ்வளவுதான். நான்கு மாதம் குளியல் இல்லை, சவரம் இல்லை, சுவரைப் பார்த்தபடி கிடந்தான்.

"முப்பத்தெட்டு வயசு எருமை. அவன் செத்தா நீயுமா சாகணும்? உடம்பு வணங்கலை, அதான் விஷயம்" என்று அப்பா தினமும் ஒரு பாட்டம் பாடுவார். நான் மட்டும் என்ன யோக்கியம்? தட்டை அவன் தலைமாட்டில் 'ணங்'கென்று வைத்து, "மகாராஜாவுக்குப் பரிமாறியாச்சு" என்றிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கடைசியில் நான்தான் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அப்பாவும் கூடவே வந்து உட்கார்ந்தார். மருத்துவரம்மா பொறுமையாகக் கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா? இப்படிப் படுத்துக்கிறது, இல்லேன்னா தூக்கமே இல்லாம தலைகால் புரியாம ஆடறது?"

"எங்க வம்சத்துலயே கிடையாதுங்க" என்றார் அப்பா. மேஜைக்கடியில் செருப்புக் காலால் என் பாதத்தை அழுத்தினார்.

கிடையாதா? சித்தப்பாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மாதம் தூங்காமல் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடிப்பார். அடுத்த மாதம் பின்னறையில் போர்வைக்குள் கிடப்பார். அப்போதும் அப்பா "சோம்பேறி" என்றுதான் கத்துவார். ஒரு நாள் சித்தப்பாவைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். கால் வழுக்கியது என்று ஊருக்குச் சொன்னோம். ஆல்பத்திலிருந்து அவர் படங்களை அப்பாவே உருவிப் போட்டார். தம்பி அப்போது கைக்குழந்தை, அவனுக்கு எதுவும் தெரியாது.

எல்லாம் தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டேன். சின்னவளுக்கு, அதாவது எங்கள் கடைசித் தங்கைக்கு, கல்யாணம் பேசி முடிக்கிற நேரம். மாப்பிள்ளை வீட்டுக்குக் காற்றுவாக்கில் போனாலும் போச்சு.

மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். மூன்றாம் வாரம் தம்பி எழுந்தான். சவரம் செய்தான், பாடினான். சின்னவள் கல்யாணத்தில் ஒரு நிமிஷம் உட்காரவில்லை, எல்லோரையும் கட்டிப்பிடித்தான். "தம்பி கலகலன்னு இருக்கானே!" என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். நாங்களும் பூரித்துப் போனோம்.

கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம், யாரும் கூப்பிடாமலே, கட்டடம் கட்டடமாகப் போய் ஓடுகிற லிஃப்டுகளைப் பிரித்துப் போட்டான். இனி எந்த லிஃப்டிலும் யாரும் சாகக் கூடாதாம், அவன் ஒருவனால்தான் அது முடியுமாம். ஒரு கட்டடத்தில் நிறைமாதக் கர்ப்பிணி நான்கு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டாள். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தது போலீஸ். கம்பெனி வேலையைப் பிடுங்கியது, உரிமத்தையும் ரத்து செய்ய வைத்தது. இனி எந்த லிஃப்டிலும் அவன் கை வைக்க முடியாது.

வார்டில் அவன் கட்டிலருகே நின்று சித்தப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொன்னேன். அப்பா பல்லைக் கடித்தார். மருத்துவர் பேனாவை மூடினார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த மாத்திரையைத் தனியா குடுத்திருக்க மாட்டேன். மனசு ஒரு சமயம் விழறதும் ஒரு சமயம் எகிறறதுமா இருக்கற இந்த நோய் உள்ளவங்கள்ல சிலரை அது ஒரேயடியா மேல தூக்கி விட்டுடும்."

"சித்தப்பாவால வந்ததா, கூட்டாளி செத்ததால வந்ததா டாக்டர்?"

"சித்தப்பாவுக்கு இருந்தா இவருக்கு வந்தே தீரணும்னு இல்லம்மா. கூட இருந்தவர் செத்தா எல்லாருக்கும் வர்றதும் இல்ல. உடம்புல வழி இருந்திருக்கு, மனசுல அடி விழுந்திருக்கு. ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. சோம்பேறித்தனம் மட்டும் இதுல எங்கயும் இல்ல."

அவர் போன பிறகு தம்பி கண்ணைத் திறந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"அக்கா, இது வியாதின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நாலு மாசம் நானே என்னைக் காறித் துப்பிக்கிட்டுக் கிடந்தேன்க்கா. நான் சோம்பேறி, நான் உருப்படாதவன்னு. நீங்க சொன்னதை நம்பித்தான்."

அவன் கையைப் பிடித்தேன். அவன் மெல்ல இழுத்துக்கொண்டான்.

அப்பா மருந்துச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கதவருகே போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார்.

"சரி சரி, மெதுவா பேசுங்க" என்றார். "சின்னவ இப்ப முழுகாம இருக்கா. அவ மாமியார் வீட்டுக்கு இது தெரியவே கூடாது."