சாள்ஸின் நான்கு சுரங்கள்

நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிழமை முழுக்கத் தேயிலை அரைக்கும் சாள்ஸ், சனிக்கிழமைகளில் கல்யாண மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். பேஸ்காரரை யாரும் பார்ப்பதில்லை. வீடியோக்காரர்கூட ஐஸ்கிரீம் கோப்பைகளைப் பிடித்து முடித்த பிறகுதான் அந்தப் பக்கம் திரும்புவார்.

குழுத் தலைவர் ஸ்ரீதரனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. புது ஓர்கனில் ஒரு பொத்தானை அமுக்கினால் பேஸ் தானாக வருகிறது; அதற்குச் சோறு போட வேண்டியதில்லை. ஸ்ரீதரன் பிறந்ததும் தோட்டத்து லயன் வீட்டில்தான். இரத்தினபுரி டவுனில் வீடெடுத்த பிறகு, தப்பு மேளச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறார். இது ஊரறிந்த விஷயம்.

“ஓப்பநாயக்க கல்யாணத்துல நீ போட்ட பாட்டு ஒண்ணு வாசிப்போம். எடுபடல்லன்னா நீ குழுவுல இல்ல,” என்றார் சாள்ஸிடம்.

“சரி அண்ணே.”

சாள்ஸ் எடுத்தது நான்கே சுரங்கள். மூன்று அடுத்தடுத்து, நாலாவது தயங்கி விழும். மெட்டு மேலே எங்கே அலைந்தாலும் கீழே அதே நான்கு. சின்ன வயதில் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து மலை தாண்டிக் கேட்ட தப்பு அடி அது. எதற்கு அடிக்கிறார்கள் என்று அவர் விசாரித்ததில்லை. அவர் வளர்ந்த மேல்கணக்கு முழுக்க வேதக்காரர்கள். அங்கே சாவுக்கும் ஜெபமும் பாட்டும்தான்.

“என்னடா, செக்குமாடு மாதிரி ஒரே இடத்துல சுத்துது?” என்றார் ஸ்ரீதரன், போனைப் பார்த்தபடி.

“கீழ நான் சுத்தினாத்தான் அண்ணே மேல நீங்க பறக்கலாம்.”

கல்யாணத்தன்று பொண்ணு மண்டபத்துக்குள் நுழைய, பாட்டு தொடங்கியது. மூன்றாம் சுற்றில் பொண்ணின் பெரியம்மா புஷ்பம், யாரைத் தூக்குகிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். பொண்ணின் தகப்பன் இருளப்பன் மேடையேறி வயரைப் பிடுங்கினார்.

“ஏன் தம்பி, எம்மகள கட்டிக் குடுக்கிறோமா, காட்டுக்குக் கொண்டு போறோமா? இது பொணம் எடுக்கிற அடி.”

ஸ்ரீதரன் மைக்கை மூடக்கூட இல்லை. “வேதக்காரப் பயல மேடையேத்தினது எம்புத்தி. போடா வெளிய.”

சாள்ஸ் சாப்பிடாமலே பஸ் ஏறினார்.

அடுத்த மாதம் அரநாயக்கவில் இன்னொரு கல்யாணம். பாடகி இழுத்துப் பாடினாள். பொத்தான் பேஸ் அவளுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்ரீதரன் அதை நிறுத்திவிட்டு இடது கையை வைத்தார். கை தன்பாட்டில் மூன்று சுரம் போட்டது. நாலாவது தயங்கி விழுந்தது. முதலில் சபை எழுந்தது, பிறகு ஒரு செருப்பு வந்தது.

“என்னடா செஞ்சி வச்சிருக்க? கை நிக்க மாட்டேங்குது,” என்று சாள்ஸிடம் போனில் கத்தினார். பிறகு குரல் இறங்கியது. “வாற சனிக்கிழம வந்திரு. பேஸ் நீயே வாசி.”

சாள்ஸின் பின்னால் அரைக்கும் மெஷின் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஜன்னல சாத்துங்க அண்ணே,” என்று வைத்துவிட்டார்.