இரண்டு எட்டுக்கு ஒரு ஹார்ன்

பருத்தி ஆலையில் பேல் எனும் பஞ்சுப் பொதிகளை அடுக்கும் டெரல் ஹாட்னெட்டுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெட்ரோல் பங்கில் காபி வாங்க நின்றால்கூட யாராவது தோளைத் தட்டி, அன்றைக்கு என்னமாய் ஓடினாய் என்பார்கள். அவன் சிரித்து வைப்பான். உள்ளே பற்றிக்கொண்டு வரும். அந்த ஊரை விட்டுப் போக அவனுக்கு இருந்தது ஒரே வழி. அதை அடைத்ததே அந்த ஓட்டம்தான் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது?

மேற்கு டெக்சஸில் அவன் ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி மைதானத்தைச் சுற்றி டிரக்குகளை நிறுத்திக்கொண்டு, ஆட்டம் பிடித்துவிட்டால் ஹார்ன் அடிப்பார்கள். படிக்கிற காலத்தில் டெரல்தான் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி, ஆள் பார்த்து எறிவது அவன் வேலை. அதுவரை எதிரணி மேலே பாயாமல் ஐந்து தடியன்கள் அவனுக்கு முன்னால் அரணாக நிற்பார்கள். டெரலுக்கோ கொஞ்சம் நெருக்கினாலே மூச்சு முட்டும். அரணை விட்டு வெளியே பாய்ந்து ஓடுவான். ஊரே ஹார்ன் அடிக்கும். அடிக்க அடிக்க எறிவதை மறந்து ஓட்டத்திலேயே குறியானான். பிள்ளையைக் கெடுத்தது ஊர்தான், வேறு யாருமில்லை.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க ஆள் வருவதாகப் பயிற்சியாளர் சொன்னார். பிடித்துப்போனால் இலவசப் படிப்பு. இல்லாவிட்டால் அப்பா நிற்கும் அதே பருத்தி ஆலை. அந்த வாரம் பயிற்சியில், அரணின் நடுவில் நிற்கும் பூன் காஸ்பரெக், மூக்கில் ரத்தத்தோடு டெரலின் சட்டையைப் பிடித்தான். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"ஏன்டா, எங்களுக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு? நீ நிக்கிற எடத்தத்தான்டா நாங்க காக்குறோம். நீ பாட்டுக்கு ஓடிப்போய் எவங்கிட்டயோ அடி வாங்குற, திட்டு எங்களுக்கு."

"அப்ப உள்ளயே நின்னு சாவச் சொல்றியா?"

"நிக்காத. நகரு. உள்ளுக்குள்ளயே ரெண்டு எட்டு, போதும். கண்ணு மட்டும் தூரத்துலயே இருக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை முதல் பாதியில் பழைய குணம்தான். இருபுறமும் நெருக்கியதும் வெளியே பாய்ந்து, மைதானத்தின் பாதியை ஓடியே கடந்தான். ஹார்ன் சத்தத்தில் காது அடைத்தது. இடைவேளையில் எல்லோரும் முதுகைத் தட்டினார்கள். பூன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த முகம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடிகிற நேரம் மறுபடி நெருக்கினார்கள். ஓடப்போகிறான் என்று ஊர் முன்கூட்டியே ஹார்னை அழுத்தியது. ஓடச் சொல்லிக் கால் பரபரத்தது. டெரல் போகவில்லை. பூனின் முதுகு வியர்வை நாறும் அளவுக்கு முன்னால் ஓர் எட்டு, பக்கவாட்டில் ஓர் எட்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஆட்கள் மலையாய்ச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். கண்ணைத் தாழ்த்தாமல் பார்த்தான். தூரத்து மூலையில் ஒருவன் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். எறிந்தான். அதே நொடியில் மண்ணோடு மண்ணாக அமுக்கப்பட்டான்.

பந்தைப் பிடித்தவனுக்கு ஹார்ன் முழங்கியது. டெரல் அடியிலிருந்து நெளிந்து வெளியே வந்து முதலில் பார்த்தது பார்வையாளர் மாடத்தைத்தான். கல்லூரியிலிருந்து வந்தவரின் இருக்கை காலியாக இருந்தது.

"இடைவேளையிலயே கெளம்பிட்டாரு" என்றார் பயிற்சியாளர், அவன் கண்ணைப் பார்க்காமல். "நெருக்குனா நிக்கத் தெரியல, ஓடுறானேன்னாரு. சொன்னா நீ சோந்துடுவ. ஆட்டம் ஜெயிக்கணுமில்ல?"

டெரல் தலைக்கவசத்தைக் கழற்றாமலே அழுதான்.

அடுத்த வருஷமே ஆலையில் சேர்ந்தான். பூனும் அங்கேதான், பொதி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். போன வாரம் பேல் வரிசைகளுக்கு நடுவே டெரல் மேல் அடுக்கில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பேல் நழுவிச் சாய்ந்தது. அண்ணாந்த கண் அண்ணாந்தபடியே இருக்க, டெரல் இரண்டு எட்டு நகர்ந்தான். பேல் பக்கத்தில் விழுந்தது.

பூன் வண்டியை நிறுத்தி, ஒரே ஒரு தரம் ஹார்ன் அடித்தான்.

டெரல் திரும்பிப் பார்த்தான். "இப்ப அடிச்சு என்னடா பிரயோஜனம்?" என்றபடி அடுத்த பேலைப் பிடித்தான்.