தம்பி பெயரில் இருந்த கார்

எங்கள் பழுதுபார்க்கும் கடை வரிசையில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வாடகைக் கார் ஓட்டுகிற அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போனால்கூட வழிவிட்டு ஒரு கும்பிடு போடுகிற மனிதர். இருபத்திரண்டு வருடமாக ஒரே கார். வெள்ளை என்று வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும்; பார்த்தால் மோர் நிறம். அதன் சீட்டுகளுக்கு மூன்று தடவை உறை தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், “முதுகு வலிக்காம தைச்சுக் கொடும்மா, ஏறுறவங்க வயசானவங்க” என்றுதான் சொல்வார். தன் முதுகைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

சந்தைக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், மூட்டை இறக்க வந்த லாரி ஒன்று பின்னால் எடுத்து, காரை அப்படியே சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. ஆண்டவன் கருணை, அவர் உள்ளே இல்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது கார் ஒரு பக்கமாகக் கோணி நின்றது. அவர் பக்கத்திலேயே நடந்து வந்தார், அடிபட்ட மாட்டோடு கூட வருகிற மாதிரி.

எங்கள் வரிசையில் தகர வேலை பார்க்கிறவனுக்கு ‘சுத்தியல்’ என்று பெயர். அவன் காருக்கு அடியில் நூல் பிடித்து அளந்தான். முன்வலது மூலையிலிருந்து பின்இடது மூலைக்கு ஒரு தடவை, முன்இடதிலிருந்து பின்வலதுக்கு ஒரு தடவை. இரண்டும் ஒரே நீளம் இருந்தால் வண்டியின் அடிச்சட்டம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். மூன்று விரல் வித்தியாசம் வந்தது.

“சங்கிலி போட்டு இழுத்துப் பார்க்கலாம்ணே. ரெண்டு மாசம் ஆகும். ஓடும். ஆனா வேகம் எடுத்தா ஒரு பக்கமா இழுக்கும்.”

“நான் எங்கடா வேகம் எடுக்கிறேன்?”

“அதானே, உங்களை நத்தை முந்திப் போகும். ஆனா பிரேக் அடிச்சா? நனைஞ்ச ரோட்டுல? பேசாம பிரிச்சுடுங்கண்ணே. கியர்பாக்ஸ் நல்லா இருக்கு, கதவு ரெண்டு தேறும், ரேடியேட்டர் ஒழுகல. கேட்டு வாங்க ஆள் இருக்கு.”

“சரி பண்ணு. எவ்வளவு நாள் ஆனாலும் சரி.”

அவன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், நீங்க சொல்லுங்கக்கா என்று.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. பிரிக்கப்போகிற வண்டியில் யாருக்கு எந்தப் பாகம் வேண்டுமோ, அதில் சாக்பீஸால் தன் பெயரை எழுதிவிட்டுப் போகலாம். முதலில் எழுதினவருக்கு அது. நிதானத்தின் காரைப் பார்த்த யாருக்கும் அது இனி ஓடும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது. வேலை தொடங்கிவிட்டதா என்று பார்க்க மூன்று வாரம் கழித்து அவர் வந்தபோது கார் முழுக்க எழுத்து. கதவில் ‘பூக்கடை’, ரேடியேட்டரில் ‘பால் வண்டி’, கியர்பாக்ஸில் ‘காய்கறி வேன்’. அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

“ஏன்டா, மூச்சு நிக்கிறதுக்குள்ள பாகம் பிரிச்சுட்டீங்களா?”

“எங்களைச் சொல்லாதீங்கண்ணே, அவனவன் வந்து எழுதிட்டுப் போறான். டயர்ல மட்டும் ரெண்டு பேரு எழுதி, அதுல சண்டை வேற” என்றான் சுத்தியல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் என் கடைக்குள் வந்து தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் முகம் மாறிவிட்டது.

“கார் மேல இவ்வளவு ஆசையாண்ணே?” என்று கேட்டேன்.

“ஆசையெல்லாம் இல்லம்மா. பத்து வருஷமாவே அது என்னை வைச்சு ஓட்டுது.” குரலைத் தாழ்த்தினார். “வண்டி என் தம்பி பேர்ல இருக்கு.”

அவருக்குத் தம்பி இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். தம்பிக்கு நிரந்தர வேலை இருந்ததால் கடன் அவன் பெயரில் கிடைத்ததாம். அதனால் புத்தகமும் அவன் பெயரில். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தம்பி, இந்த ஓட்டை வண்டியை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்றிருக்கிறான். இவர் மாட்டேன் என்றிருக்கிறார். வார்த்தை தடித்துப் போயிற்று. “அப்போ அதையே கட்டிக்கிட்டு அழு” என்று தம்பி சொல்ல, “இனி உன் வாசப்படியை மிதிச்சா ஏன்னு கேளு” என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பெயரை மாற்றிக் கொடு என்று இவரும் கேட்கவில்லை, மாற்றிக்கொள் என்று அவனும் சொல்லவில்லை.

“சவாரி இல்லாத நாள்ல அவன் தெரு வழியாப் போவேன். மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னேன்? ஓட்ட மாட்டேன்னு சொல்லலியே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“பிரிக்கணும்னா அவன் கையெழுத்து வேணும். இல்லாம சுத்தியல் ஒரு திருகைக்கூடக் கழட்ட மாட்டான், திருட்டு வண்டின்னு வந்து நிப்பாங்க. கையெழுத்துப் போட்டான்னா முடிஞ்சுது. எங்க ரெண்டு பேருக்கும் பொதுன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்மா.”

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊசியும் பிரார்த்தனையும்தான். அதனால் தெரிந்ததையே கேட்டேன். “தினமும் சாவி போடுறதுக்கு முன்னாடி ஏறுறவங்களை நல்லபடியா இறக்கி விடணும்னு வேண்டிக்குவீங்களே. சரி பண்ணின பிறகு, இந்த வண்டில உட்கார்ந்து அதைச் சொல்ல முடியுமாண்ணே?”

அவர் தரையில் கிடந்த துணித் துண்டுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு எழுந்து, “நீயும் கூட வா. தனியாப் போனா திரும்பி வந்துடுவேன்” என்றார்.

வண்டியைப் பிரிக்கச் சம்மதம் என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போனோம். பச்சைக் கதவு, மூன்று படி. அவர் முதல் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். தம்பியின் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

“மாமா! ஐயோ, உள்ள வாங்க மாமா.”

“இருக்கட்டும்மா. இங்கேயே நிக்கிறேன்.”

தம்பி வந்தார். அண்ணனைவிட அதிகமாக நரைத்திருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தம்பியின் கண் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தேடியது.

“வண்டி எங்க?”

“அடிபட்டுடுச்சு.”

“உனக்கு?”

“நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.”

தம்பி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இவர் காகிதத்தை நீட்டினார். தம்பி அதை ஜன்னல் விளிம்பில் வைத்துப் படித்தார், ஒரு பக்கக் காகிதத்தை நாலு பக்கம் படிக்கிற நேரத்துக்கு.

“மூணு வாரமா இவருக்குச் சாப்பாடே இறங்கல மாமா” என்றாள் அந்தப் பெண். “உங்க வண்டிச் சத்தம் கேட்டா தட்டை அப்படியே விட்டுட்டு இந்த ஜன்னலுக்கு ஓடி வருவாரு. போனப்புறம் போய் உட்காருவாரு. சத்தமே காணோமே, காணோமேன்னு...”

“நீ சும்மா இரு” என்றார் தம்பி. கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “தண்ணி குடிக்கிறியா?”

“வேண்டாம். இப்பத்தான் குடிச்சேன்.”

பொய். காலையிலிருந்து அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. படிக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர். நடுவில் மூன்று படி. அந்த மூன்று படியைத் தாண்ட யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே நின்றேன். சொல்லவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க அவர் காகிதத்தை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டு நாளில் கார் பிரிந்து போயிற்று. கியர்பாக்ஸ் காய்கறி வேனில் நன்றாக ஓடுகிறதாம். நிதானம் இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கெல்லாம் அவரைப் பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கவில்லை, எல்லா வேனும் முந்திப் போகிறதே என்று.

போன ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்தார். செருப்பெல்லாம் தூசி.

“தம்பி வீடு வரைக்கும் போனேம்மா. பஸ் அந்தத் தெருவுக்குள்ள வராது, நடந்துதான் போனேன்.”

“பேசினீங்களா?”

“இல்ல.”

“வீட்ல ஆள் இல்லையா?”

“இருந்தாங்க. கதவு திறந்துதான் இருந்துச்சு. உள்ள அவன் இருமுறது கேட்டுச்சு.”

“அப்புறம் ஏண்ணே போகல?”

அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்து என்னிடம் காட்டினார்.

“அன்னைக்கு ஒரு காகிதம் இருந்துச்சு. இன்னைக்கு என்னத்தைம்மா நீட்டுறது?”